ஆசீர் கடைசியாக வாசித்த அதிகாரம்

ஓடுகிறேன். கையில் பிளாஸ்டிக் கேன். முன்னால் தண்ணீர் லாரி. அது நிற்கவில்லை. நின்றால் கூட்டம் கவிழ்த்துவிடும் என்று டிரைவருக்குப் பயம். உருட்டிக்கொண்டே போகிறான். பின்குழாய் திறந்திருக்கிறது. தண்ணீர் மணலில் கொட்டுகிறது.

"தண்ணி லாரி! ஓடி வாங்கலே!"

தமிழ்க் குரல். யார் என்று பார்க்க நேரம் இல்லை. பின்னால் ஆயிரம் பேர் வருகிறார்கள். டப். டப். டப். மூன்று வெடி. காவலுக்கு நின்றவன் வானத்தைப் பார்த்துச் சுடுகிறான்.

"குனிலே! குனி!"

குனிந்துகொண்டே ஓடுகிறேன். ஒரு ஆள் என் கேனைப் பிடித்து இழுக்கிறான். அவன் கையைக் கடித்தேன். விட்டான். அரைக் கேன் கிடைத்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடாரத்துக்கு வந்தேன். கூடாரம் என்றால் இரண்டு குச்சியும் ஒரு கம்பளியும். உள்ளே ஆசீர் கிடக்கிறான். இரண்டு நாளாக வயிற்றோட்டம். தூக்கிக் குடிக்க வைத்தேன். குடித்தான். பாதியை வாந்தி எடுத்தான்.

இது ஈராக்குக்கும் ஜோர்தானுக்கும் நடுவில் உள்ள வெட்டவெளி. 1990 செப்டம்பர் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை. தேதி எனக்கு அப்போது தெரியாது. பிறகு கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். அப்போது தெரிந்தது அதிகாரம் மட்டும்தான். அன்று ஏழாம் அதிகாரம்.

என் பெயர் சுடலைமுத்து. ஊர் ஏரலுக்கு மேற்கே, ஆற்றங்கரை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. குவைத்தில் கட்டட வேலை. கம்பி கட்டுவேன். ஆசீர்வாதம் என் ஊர்தான். கொத்தனார். என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். அவன் கிறிஸ்தவன். எங்கள் ஊரில் வேதக்காரர் என்போம். நான் சுடலைமாடன் கும்பிடுகிறவன்.

இரண்டு பேரும் ஒரே அறை. வேலை முடிந்து வந்து குளித்ததும் அவன் வேதப் புத்தகத்தை எடுப்பான். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம். சத்தமாக வாசிப்பான். எனக்குச் சந்தேகம். என்னை மதம் மாற்றப் பார்க்கிறான் என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டேன்.

"யாருக்குலே இப்பிடி கத்தி வாசிக்க? எனக்கா?"

"ஒனக்கு எதுக்குலே? ஒன்னத் திருத்த பரமண்டலத்துல இருந்து ஆள் வரணும். இது எங்கம்மைக்கு."

சொன்னான். புறப்பட்ட அன்றைக்கு அம்மையும் மகனும் பேசி வைத்தார்களாம். முதல் அதிகாரத்தில் தொடங்கி, அவன் குவைத்தில் தினம் ஒன்று. அவள் ஊரில் தினம் ஒன்று. அம்மை ஞானப்பூவுக்கு எழுத்துத் தெரியாது. அவன் பெண்டாட்டி கிருபா வாசிப்பாள். அம்மை கேட்பாள். ஒரே நாளில் ஒரே அதிகாரம். முடிந்ததும் ஜெபம். கடிதம் போக இருபது நாள் ஆகும். அதிகாரம் அன்றைக்கே போய்ச் சேரும் என்பான்.

நான் நம்பவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். வேறு என்ன வேலை.

ஆகஸ்ட் இரண்டு. வியாழக்கிழமை. விடியும் முன்னால் சத்தம். முதலில் இடி என்று நினைத்தோம். குவைத்தில் ஆகஸ்டில் இடி கிடையாது. பிறகு ஹெலிகாப்டர். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. தெருவில் ஈராக் டாங்கி. தார் ரோட்டைச் சங்கிலி அரைக்கிற சத்தம். அறையில் இருந்த எட்டுப் பேரும் சுவரோடு உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் ஆசீர் வேதத்தை எடுத்தான்.

"சத்தம் போடாதலே! வெளிய பட்டாளத்தான் நிக்கான்!"

பைய வாசித்தான். அன்றைய அதிகாரத்தில் வானத்திலிருந்து தீ இறங்குகிறது. எனக்கு அதிலும் சந்தேகம். நாளுக்கு ஏற்ற மாதிரி தேடி வாசிக்கிறான் என்று நினைத்தேன். மாதக் கடைசியில் லாரியிலும் பஸ்ஸிலும் தொற்றி பாக்தாத் வந்தோம். அன்று வாசித்ததில் ஒரு ஜனத்தையே பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போகிறார்கள். பாபிலோன் இங்கனதான் பக்கத்தில் என்றான். எனக்குக் கோபம்.

"பொறுக்கி எடுத்துத்தான வாசிக்க?"

"நாளைக்கு என்ன வருதுன்னு பாரு. அப்புறம் சொல்லு."

மறுநாள் வந்தது பேர். நாளாகமம் என்று புதுப் புத்தகம் தொடங்கியது. முதல் அதிகாரம் முழுக்கப் பேர். இவன் அவனைப் பெற்றான், அவன் இவனைப் பெற்றான். மறுநாளும் பேர். அதற்கு மறுநாளும் பேர். அப்போதுதான் அவன் பொறுக்கவில்லை என்று நம்பினேன். உயிர் போகிற நேரத்தில் எவன் பேர் அட்டவணையைப் பொறுக்குவான்?

நாலாம் அதிகாரத்தன்று எல்லைக்கு வந்தோம். விடவில்லை. வெட்டவெளியில் உட்கார வைத்தார்கள். பகலில் தீ. இரவில் குளிர். தேள். ரொட்டி வந்தால் அடிதடி. தண்ணீர் வந்தால் அதற்குமேல். யாரும் யாரையும் நம்பவில்லை. நான் கேனைத் தலைக்கு வைத்துப் படுப்பேன். மூடியைத் துணியால் கட்டி, முடிச்சைக் கையில் சுற்றிக்கொள்வேன். பக்கத்துக் கூடாரத்தில் இரண்டு மலையாளிகள். அவர்கள் என்னைப் பார்த்தால் நான் அவர்களைப் பார்ப்பேன். ஆசீர் ஒருநாள் அவர்களில் ஒருவனுக்கு ஒரு மிடறு கொடுத்தான். அதற்கு அவனோடு நான் ஒரு பகல் முழுக்கப் பேசவில்லை.

ஐந்தாம் அதிகாரத்தன்று அவனுக்கு வயிறு போகத் தொடங்கியது. அன்றும் வாசித்தான். ஆறும் வாசித்தான். பேர்தான். நான் சொன்னேன்.

"வெறும் பேருதானலே? விட்டுட்டுப் படு. ஒங்கம்மைக்கு என்ன தெரியப் போவுது?"

"ஒரு பேர விட்டாலும் அம்மை முன்ன போயிருவா. நான் பின்ன நின்னுருவேன். ரெண்டு பேரும் ஒரே எடத்துல நிக்கணும்."

வெள்ளிக்கிழமை. லாரித் தண்ணீர் குடித்தான் என்று சொன்னேன் அல்லவா. அதற்குப் பிறகு சாய்ந்து உட்கார வைக்கச் சொன்னான். என் முட்டியில் முதுகை வைத்து ஏழாம் அதிகாரம் வாசித்தான். குரல் இல்லை. என் காதுக்கு மட்டும். பேர், பேர். நடுவில் ஒரு இடம் வந்தது. எப்பிராயீம் என்று ஒருவன். அவன் மகன்கள் மாடு பிடிக்கப் போன இடத்தில் அந்த ஊர்க்காரர்கள் கொன்றுபோடுகிறார்கள். தகப்பன் பலநாள் உட்கார்ந்து துக்கம் கொண்டாடுகிறான். சொந்தக்காரர்கள் ஆறுதல் சொல்ல வருகிறார்கள். அவ்வளவுதான். மறுபடியும் பேர். அந்த இடத்தில் ஆசீர் நிறுத்தினான். மூச்சு வாங்கினான். பிறகு கடைசிப் பேர்வரை வாசித்து முடித்தான். முடித்துத்தான் படுத்தான்.

சனிக்கிழமை விடிகாலை தொட்டேன். குளிர்ந்து கிடந்தான்.

மலையாளிகள் இருவரும் வந்தார்கள். நான் கூப்பிடவில்லை. மூவரும் தகரத்தாலும் கையாலும் தோண்டினோம். கம்பளியில் சுற்றி வைத்தோம். மேலே கல் அடுக்கினோம். அவர்களும் வேதக்காரர்கள் இல்லை. ஜெபம் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. சும்மா மூடிவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. புத்தகத்தில் பஸ் சீட்டு வைத்திருந்தான். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எட்டாம் அதிகாரம். விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். அதுவும் பேர்தான். வெயில் ஏறும்வரை ஆனது. மலையாளிகள் போகாமல் நின்றார்கள். பிறகு நான் அந்தப் புத்தகத்தை வாசிக்கவில்லை. எனக்கு அது வேலை இல்லை. அவன் அம்மையிடம் கொடுக்க எடுத்துக்கொண்டேன்.

எங்களை அம்மானுக்குக் கொண்டுபோனார்கள். விமானம். பம்பாய். ரயில். திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி ஏரல் பஸ் பிடித்தேன். பாளையங்கோட்டை தாண்டியதும் வயல் தெரிந்தது. ஆறு தெரிந்தது. தண்ணீர் ஓடுகிறது. யாரும் அதைக் காவல் காக்கவில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை.

என் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆசீர் வீட்டுக்குப் போனேன்.

ஞானப்பூ பெரியம்மா வாசலில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. கிருபா மைனி உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னேன். நடந்தது நடந்தபடி. புத்தகத்தைக் கொடுத்தேன்.

பெரியம்மா அழவில்லை. புத்தகத்தை மடியில் வைத்தாள்.

"எந்த நாளுன்னு சொன்ன?"

"வெள்ளிக்கிழமை கடைசியா வாசிச்சான். சனிக்கிழமை விடியக்காலம் போயிட்டான்."

"வெள்ளிக்கிழமை என்ன வாசிச்சான்?"

"ஏழாம் அதிகாரம். நாளாகமம்னு சொன்னான். ஒண்ணாவது நாளாகமம்."

"அதுல என்ன வருது?"

"பேரா வரும். நடுவுல ஒரு தகப்பன் மவன்மார பறிகொடுத்துட்டு பலநாள் அழுவான்."

பெரியம்மா என்னையே பார்த்தாள். கண் சுருங்கிவிட்டது.

"லே சொடல. அந்த வெள்ளிக்கிழமை கோயில்ல உபவாச ஜெபம். வீட்டுக்கு வந்துதான் வாசிச்சோம். தாவீது ராசா மவன்கிட்ட கோயில் கட்டச் சொல்லி ஒப்படைச்ச எடம். எனக்கு அட்சரம் தெரியாது. ஆனா கேட்டது மறக்காது. ஒண்ணாவது நாளாகமம் மொதல்ல இருந்து கேட்டாச்சு. நீ சொல்லுத மாதிரி எடமே அதுல கெடயாது."

"இருக்கு பெரியம்மா. எங் காதால கேட்டேன்."

"கிருபா. இருக்காட்டி?"

கிருபா மைனி தரையைப் பார்த்தாள்.

"இல்ல அத்தை."

பெரியம்மா எழுந்துவிட்டாள்.

"எம்மவனும் நானும் ஒரே எடத்துல நிக்கோம். அவன் வேற எடத்துல நின்னான்னு சொல்லுதியே, அப்ப நீ பாத்தது எம்மவன் இல்ல. இல்லன்னா நீ பாக்கவே இல்ல. ஏதோ எடத்துல விட்டுட்டு ஓடியாந்துட்ட. அவன் தண்ணியக் குடிச்சிட்டு வந்தியாலே?"

திரும்பி நடந்தேன். தெரு முழுக்க ஆள். எல்லாரும் கேட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஊர் என்னைப் பார்த்த விதம் வேறு. டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். நான் போன பிறகு தொடங்கும். "சொடல கையில பழைய கடிகாரம் இருக்கு, ஆசீரோடதா பாருங்கவே" என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. கடிகாரம் என்னுடையது. கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். போட்டது தப்பு. கழற்றினான் பார் என்றார்கள்.

ஒரு வதந்தி வந்தது. புன்னக்காயல் ஆள் ஒருவன் ஆசீரைப் பம்பாய் ஆஸ்பத்திரியில் பார்த்தானாம். நான் புன்னக்காயல் போனேன். கடற்கரையில் விசாரித்தேன். நான் இல்லை, அவன் சொன்னான் என்றார்கள். அவன் இன்னொருவனைக் காட்டினான். கடைசியில் எவனும் இல்லை. ஊருக்கு வந்து சொன்னேன். போய் அவர்கள் வாயை அடைத்துவிட்டு வந்தான் என்றார்கள்.

எனக்கே சந்தேகம் வந்தது. வெயிலில் மூளை கலங்கிக் கேட்டேனா? இல்லாத கதையை நானே கட்டினேனா? ஆசீர் மேலும் சந்தேகம். அம்மையும் நானும் ஒரே அதிகாரம் என்று அவன் சொன்னது பொய்யா? புத்தகம் கையில் இருந்தால் திறந்து பார்த்திருப்பேன். கொடுத்துவிட்டேன். வேதக்காரர்களே அப்படி ஓர் இடம் இல்லை என்கிறபோது நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

கோயில் உபதேசியார் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். இறந்தவர்கள் பேரைக் கல்லறைத் தோட்டத்தில் வாசிப்பார்கள். ஆசீர் பேரை வாசிக்கலாமா என்று பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

"உசுரோட இருக்கவன் பேர செத்தவங்க கூட்டத்துல வாசிப்பீரோ? வாசிச்சுப் பாரும்" என்றாளாம்.

"நீ சொல்லுறதுக்கு ஒரு சாட்சி இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். மலையாளிகளின் ஊரை நான் அன்றைக்குக் கேட்டு வைக்கவில்லை. பேர் கேட்கவில்லை. இல்லை என்றேன். ஏழாம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கச் சொல்லப் பயம்; அவரும் இல்லை என்றுவிட்டால்?

அக்டோபர் பாதியில் பெரியம்மா சோற்றை விட்டாள். மகன் வந்து முன்னால் நின்றால்தான் சாப்பாடு. அதுவரை உபவாசம். பொழுது சாய்ந்தால் கொஞ்சம் கஞ்சித்தண்ணீர். மற்ற நேரம் முழங்காலில். பத்து நாளில் கன்னம் ஒட்டிவிட்டது என்றார்கள். அந்த வீட்டு வழியாக நான் போவதில்லை. அவள் செத்தால் அதுவும் என் கணக்கில் எழுதப்படும் என்று தெரியும்.

அடைமழை தூறலாகக் குறைந்திருந்த ஒரு காலை. வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். கிருபா மைனி வரப்பில் வந்து நின்றாள். குடை இல்லை. சேலை நனைந்திருக்கிறது.

"கொழுந்தனாரே. அந்த எடம் இருக்கு."

மண்வெட்டியை ஊன்றினேன்.

"எந்த எடம்?"

"ஏழாம் அதிகாரம். தகப்பன் அழுற எடம். நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கே தெறந்து பாத்தேன். இருக்கு."

"அப்ப ஏன் இல்லன்னீய?"

அவள் சொன்னாள். கல்யாணமாகி வந்த புதிது. அவர் புறப்பட்டு நாலைந்து நாள்தான். அன்றைய அதிகாரம் முழுக்கப் பேர். நாக்குத் தடுமாறியது. அத்தை சிரித்தாள். "பத்தாங்கிளாசு படிச்ச மருமவளுன்னு பீத்துனாவ. பேரு வாசிக்கையில வாயில கொழுக்கட்டையா?" என்றாள். அதற்குப் பிறகு பேர் மட்டும் வருகிற அதிகாரம் வந்தால் தாண்டிவிடுவாள். அத்தைக்குத் தெரியாது. அப்படி வருஷம் முழுக்க. நாளாகமம் தொடக்கத்தில் ஒன்பது அதிகாரத்தையும் மொத்தமாகத் தாண்டினாள். பேருக்கு நடுவில் அப்படி ஓர் இடம் இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

"அன்னைக்கு அத்தை கேட்டப்ப நான் வாசிக்கவே இல்லன்னு சொல்லிருக்கணும். சொல்ல வாய் வரல. பயம் மட்டும் இல்ல கொழுந்தனாரே. அந்த எடம் இல்லன்னு ஆச்சுன்னா நீங்க சொன்னதும் இல்லன்னு ஆயிரும். அவிய உசுரோட இருக்காவன்னு ஆயிரும்லா."

மண்வெட்டியைப் பிடுங்கி வரப்பில் வைத்தேன்.

"இப்ப அத்தை செத்துப்போவாவ. வாங்க. உங்க முன்னால வாசிக்கேன்."

கால் கழுவிவிட்டுப் போனேன். பெரியம்மா பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள். எலும்பு தெரிகிறது. கண்ணில் மட்டும் அதே சுருக்கம். மைனி முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மைனி ஆசீர் புத்தகத்தைத் திறந்து வாசித்தாள். பேர், பேர். எப்பிராயீம் வந்தான். மகன்கள் செத்தார்கள். தகப்பன் பலநாள் துக்கம் கொண்டாடினான். என் காதில் கேட்டது அதேதான். முடிந்தது.

பெரியம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் பேசி வச்சிட்டு வந்தியளா?"

"அத்தை!"

"எனக்கு எழுத்து தெரியாது. நீ ஒரு வருசமா பேர முழுங்கியிருக்க. இன்னைக்கு ஒரு கதையச் சேக்கத் தெரியாதா ஒனக்கு? இவன் சொன்னான். நீ வாசிக்க. ரெண்டு பேருக்கும் நான் சோறு தின்னணும். அவ்வளவுதான்."

"உபதேசியாரக் கூப்பிடட்டுமா?" என்றேன்.

"அவரும் ஒங்க ஆளுதான். பேர வாசிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்காரு."

அப்போது தெருவில் சைக்கிள் மணி. காயல்பட்டினத்துச் சேலை வியாபாரி. வாராவாரம் வருகிறவர். பின்னால் மூட்டை. பெரியம்மா பாயிலிருந்தே கத்தினாள். அந்த உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"பாய்! வே பாய்! இங்கன வாரும்!"

அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வாசலில் வந்தார்.

"என்னம்மா, கிறிஸ்மஸ் சேலையா? இப்பவே எடுத்தா நல்ல சேல கெடைக்கும்."

"சேல வேண்டாம். ஒமக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?"

"தமிழ் வாசிப்பேன். அரபும் ஓதுவேன். எது வேணும்?"

"இதுல வாசியும்."

பார்த்தார். தயங்கினார்.

"இது ஒங்க வேதம்லா? நான் தொடலாமா?"

"கையக் கழுவிட்டுத் தொடும்."

கழுவினார். தோள் துண்டில் துடைத்தார். மைனி பக்கத்தைக் காட்டப் போனாள்.

"நீ காட்டாதட்டி! விலகு! பாய், மேல ஒண்ணாவது நாளாகமம்னு போட்டிருக்கும். அதுல ஏழாம் அதிகாரம். நீரே தேடும்."

அவர் தேடினார். நேரம் ஆனது. கண்டுபிடித்து வாசிக்கத் தொடங்கினார். நிறுத்தி நிறுத்தி, நல்ல குரல்.

"என்னம்மா இது, ரேஷன் கடைக் கணக்கா பேரு பேரா வருது?"

"ஒரு பேரையும் விடாம வாசியும்."

விடவில்லை. கடினமான பேரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்து வாசித்தார். எப்பிராயீம் வந்தான். மகன்கள் போனார்கள். தகப்பன் அழுதான். பாய் அந்த வரியை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். பாயில் ஒட்டிக் கிடக்கிறவளைப் பார்த்தார். கதவோரம் முகத்தை மூடி நிற்கிறவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காயல்பட்டினத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு குறைவு. புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்தார்.

"யாரும்மா?"

பெரியம்மா பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எம்மவன்."

பாய் தனக்குள் அரபியில் ஏதோ சொல்லிக்கொண்டார். மிச்சப் பேர்களையும் வாசித்து முடித்தார். முடித்துவிட்டுத்தான் எழுந்தார். மூட்டையை அவிழ்க்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தே போனார்.

பெரியம்மா புத்தகத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"தண்ணி குடிச்சானா?"

"குடிச்சான்."

"யாரு குடுத்தா?"

"நான்."

"அவன் பேர வாசிச்சிட்டுக் கெடந்திருக்கான். நான் இங்க ராசாகூட கோயில் கட்டிட்டு இருந்திருக்கேன். ஒரு நாளாவது ஒரே எடத்துல நின்னோமா?"

மைனி அழுதாள். நான்தான் சொன்னேன்.

"அவனுக்கு அது தெரியாது பெரியம்மா. நீங்க அங்கன நிக்கியன்னுதான் வாசிச்சான்."

அவள் தலையை ஆட்டினாள். சம்மதமா, இல்லையா, எனக்கு விளங்கவில்லை. மைனி கஞ்சி கொண்டுவந்தாள். பெரியம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"மொதல்ல வாசி. அவன் நின்ன எடத்துலேருந்து. எட்டு."

"எட்டு வாசிச்சாச்சு" என்றேன்.

"யாரு?"

"நான்தான். குழி மேல நின்னு வாசிச்சேன். எனக்கு வேற ஜெபம் தெரியல."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தச் சுருக்கம் போகவில்லை. ஆனால் கேள்வி கேட்கவில்லை. மைனி பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஒம்பதுலேருந்து வாசி."

ஒன்பதும் பேர்தான். மைனி ஒவ்வொன்றாக வாசித்தாள். தடுமாறிய இடத்தில் பெரியம்மா சிரிக்கவில்லை. பிறகு கஞ்சியை வாங்கிக் குடித்தாள்.

கல்லறைத் திருநாளில் ஆசீர்வாதம் பேரை வாசித்தார்கள். நான் சுவருக்கு வெளியே நின்றேன். மெழுகுவர்த்தி வைக்க அவனுக்குக் குழி இல்லை. அவன் அப்பன் குழியில் இரண்டு வைத்தார்கள். மைனி தாலியைக் கழற்றினாள்.

அதற்குப் பிறகும் பெரியம்மா முழுசாக நம்பவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளுக்கு முன்னால் ஆள் விட்டு என்னைக் கூப்பிடுவாள். முதலிலிருந்து சொல்லச் சொல்வாள். லாரி, வெடி, கேன், முட்டி, கல். கண்ணைச் சுருக்கிக் கேட்பாள். ஒரு வார்த்தை மாறினால் போதும், அவன் உயிரோடு இருக்கிறான் என்று பிடித்துக்கொள்வாள். மாற்றாமல் சொல்லிவிட்டு வருவேன். இப்போது அவளுக்குக் காது மந்தம். எனக்கும் இருமல். அதனால் எழுதி வைக்கிறேன். கூட்டவில்லை. குறைக்கவில்லை. நான் இல்லாவிட்டால் மைனி இதை அவளுக்கு வாசிப்பாள். இப்போது அவள் எதையும் தாண்டுவதில்லை.

போனது இவ்வளவு.

ஆசீர்வாதம். கொத்தனார். வயது இருபத்தெட்டு. குழி எல்லை வெளியில், ரோட்டுக்குத் தெற்கே, கல் அடுக்கியது. இப்போது கல் இருக்குமோ என்னவோ.

அவனுக்குப் பிறக்க வேண்டிய பிள்ளைகள். எத்தனை என்று தெரியாது.

கிருபா மைனிக்கு இருபத்தொரு வயதில் போன புருஷன்.

என் பேர். சில வீடுகளில் அது இன்னும் திரும்பவில்லை.

அதே வெளியில் என் கண் முன்னால் புதைத்தவர்கள் இன்னும் நாலு பேர். ஒரு தெலுங்குக்காரர், நரைத்த மீசை. கைக்குழந்தையோடு ஒரு பெண். அது இரண்டு. பிறகு காலில் செருப்பில்லாமல் ஒரு வாலிபன். நாலு பேரின் பேரும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவர்கள் ஊரில் எந்தப் பேரும் வாசித்திருக்க மாட்டார்கள். அந்த வீடுகளில் யாரோ இன்னும் தெருவைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.